மோடமும் லினக்ஸும்: ஒரு பழைய பிணக்கின் வரலாறு

ஜொகூர் மாநிலத்துக் கூலாய் நகருக்கு வடமேற்கே செடெனாக் என்னும் ஊர் இருக்கிறது. 1909-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற ஜொகூர் அரசு இரயில் பாதை இவ்வூரைத் தொட்டுச் சென்றது. முதலில் பால்மரமும் பின்னர் செம்பனையும் இவ்வட்டாரத்து மக்களின் வாழ்வாக அமைந்தன. இன்றோ, அவ்வூரின் பெயர் தாங்கிய தொழில்நுட்பப் பூங்காவில் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. செம்பனைக் காடுகளுக்கு அருகே சாளரமற்ற பெருங்கட்டடங்கள்; அவற்றினுள் இரவு பகலாக ஓடும் கணினிகள்; அவற்றை உலகத்தோடு பிணைப்பவை கண்ணாடி இழைகள். இத்தகைய மையங்களிலுள்ள கணினிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை உலகெங்கும் இயக்கி வருவது லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளமாகும்.

இந்த லினக்ஸ், ஒரு காலத்தில் ஒரு வீட்டுத் தொலைபேசிக் கம்பியோடு பேசவே திணறிற்று என்றால் இன்றைய இளைஞர் எளிதில் நம்பார். ஆயினும் 1990-களின் இறுதியில் வீட்டுக் கணினியில் லினக்ஸை நிறுவிப் பார்த்தவரிடையே, "எல்லாம் வருகிறது, இணையம் மட்டும் வரவில்லை" என்பது எங்கும் கேட்ட முறையீடு. பிழை எங்கிருந்தது? பலர் லினக்ஸைக் குறை கூறினர். சிலர் தொலைபேசிக் கம்பியைக் குறை கூறினர். வரலாற்றை ஆராயுமிடத்து, பெருந்தொல்லைக்குக் காரணம் அவ்விரண்டுமே அல்ல என்பது புலனாகிறது.

மோடமும் அதன் மொழியும்

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக இழுக்கப்பட்டது. கணினியோ சுழியத்தையும் ஒன்றையும் தவிர வேறெதனையும் அறியாது. சுழியத்தையும் ஒன்றையும் ஒலியாக மாற்றிக் கம்பியில் விடுவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் எண்களாக்கித் தருவதும் மோடம் என்னும் கருவியின் தொழில். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1962-இல் வெளியிட்ட 103 என்னும் வகை, நொடிக்கு 300 பிட் வேகத்தில் இருபுறமும் பேசவல்லது. 1998-இல் வகுக்கப்பட்ட வி.90 என்னும் நியதி 56,000 பிட் வரை சென்றது. ஆனால் அந்த எண் ஏட்டளவில் உள்ளதே. நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் செப்புக் கம்பி நீண்டதாயின், அல்லது இடையில் பழுதான இணைப்புகள் இருப்பின், மோடம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நகரத்தில் ஒரு வேகம், தொலைவிலுள்ள தோட்டப்புறத்தில் ஒரு வேகம் என்றிருந்ததற்குக் காரணம் இதுவே.

இக்கருவியின் வரலாற்றில் 1981-ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டில் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட மோடம், கணினி அனுப்பும் எழுத்துகளையே கட்டளையாக ஏற்றது. "ஏ, டி" என்னும் இரண்டு எழுத்துகளில் தொடங்கும் அக்கட்டளைகள் மிக எளியவை. அவற்றோடு "டி, டி" சேர்த்து எண்ணைக் கொடுத்தால் ஓசை முறையில் அழைக்கும். "டி, பி" சேர்த்தால் பழைய துடிப்பு முறையில் அழைக்கும். அழைப்பு முடிந்தால் "இணைந்தது" என்றோ, "மறுமுனை ஈடுபட்டிருக்கிறது" என்றோ, "சைகை இல்லை" என்றோ ஆங்கிலச் சொல்லால் மறுமொழி தரும். பிற நிறுவனங்களும் இம்மொழியையே பின்பற்றின. ஆகவே எந்த இயங்குதளமாயினும், இம்மொழி தெரிந்தால் எந்த மோடத்தோடும் பேசலாம் என்ற நிலை ஏற்பட்டது. இந்நிலை நீடித்திருந்தால் இக்கட்டுரைக்குப் பொருளே இராது.

வன்தட்டுக்குச் சென்ற அழைப்பு

லினக்ஸ் மோடத்துக்கு அந்நியமன்று. மோடத்தின் அருகிலேயே பிறந்தது எனலாம். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் புதிதாக வாங்கிய 386 கணினியிலிருந்து பல்கலைக்கழகக் கணினியைத் தொலைபேசி வழியே அழைத்துச் செய்திக் குழுக்களைப் படிப்பதற்கென ஒரு முனையநிரலை எழுதினார். அதற்கு விசைப்பலகையிலிருந்து படித்து மோடத்துக்கு அனுப்புவது ஒரு பணி, மோடத்திலிருந்து படித்துத் திரையில் காட்டுவது மற்றொரு பணி. அந்நிரலுக்கு வட்டைப் படிக்கும் ஆற்றலும் கோப்புகளைக் காக்கும் ஆற்றலும் சேரச் சேர, அது ஓர் இயங்குதளமாகவே வளர்ந்துவிட்டது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒரு விபத்து நேர்ந்தது. மோடத்திற்கு அனுப்ப வேண்டிய அழைப்புக் கட்டளையை டோர்வால்ட்ஸ் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். யூனிக்ஸ் மரபில் கருவிகள் யாவும் கோப்புப் பெயர்களாகவே தோற்றமளிக்கும். ஒரு பெயருக்குப் பதில் இன்னொன்றை எழுதிவிட்டால் கணினி தடுக்காது. அதுவரை அவர் பயன்படுத்திவந்த மினிக்ஸ் இருந்த பகுதி அழிந்தது. அதனை மீண்டும் நிறுவுவதைவிடத் தம் சொந்தப் படைப்பையே முழுமையாக்குவது மேல் என அவர் முடிவு செய்தார். மோடத் தொல்லையால் உலகம் அடைந்த ஊதியம் இஃது ஒன்றுதான் போலும்!

மலேசியாவில் வலை விரிந்த காலம்

மலேசியாவில் மிமோஸ் என்னும் நுண்மின்னணு ஆய்வு நிறுவனம் 1985-இல் தோன்றிற்று. அதன் முயற்சியால் 1987-இல் ரங்கோம் என்னும் கணினி வலை பல்கலைக்கழகங்களை இணைத்தது. அதன் வழித்தோன்றலே ஜாரிங். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு வலை என்றே பொருள்; பெயர் வைத்தவர் சுவையுணர்ந்தவர். 1992-இல் ஜாரிங் வழியே நாடு இணையத்தோடு பிணைந்தது. 1996-இல் தெலிகோம் நிறுவனத்தின் டிஎம்நெட் வந்தபின் பொதுமக்கள் வீடுகளிலும் மோடத்தின் கீச்சொலி கேட்கலாயிற்று.

தோட்டப்புறங்களில் தொலைபேசி முதலில் அலுவலகத்திற்கும் துரை பங்களாவுக்கும் வந்தது. லயங்களுக்கு வர நாளாயிற்று. வந்த வீட்டிலும் ஒரே கம்பி. மகன் இணையத்தில் இருக்கையில் உறவினர் அழைத்தால் மணி ஒலிக்காது. யாரேனும் அறியாது தொலைபேசியை எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். இணைந்திருக்கும் நேரத்திற்கேற்பக் கட்டணமும் ஏறும். போதாக்குறைக்கு இடியும் மின்னலும். தீபகற்ப மலேசியா உலகிலேயே இடிமழை மிகுந்த நிலப்பகுதிகளுள் ஒன்று. பிற்பகல் மழையின்போது கம்பி வழியே பாயும் மின்னழுத்தம் மோடத்தைச் சுட்டுவிடும். வானம் கறுத்தால் கம்பியைக் கழற்றிவிடுவது அக்காலத்து இல்லறப் பழக்கங்களுள் ஒன்றாயிருந்தது.

பழுது தேடிய முறை

லினக்ஸில் தொலைபேசி வழி இணையம் வருவதற்குப் பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் தனித்தனியே தவறக்கூடும். அக்காலத்தில் தொண்டர்கள் எழுதி வழங்கிய வழிகாட்டி ஏடுகள், அடிப்படியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகச் சோதிக்குமாறு கற்பித்தன. அம்முறையின் சிறப்பை இன்றும் வியக்கலாம்.

முதற் கேள்வி: கணினிக்கு மோடம் தெரிகிறதா? விண்டோஸ் "காம் 1", "காம் 2" என்று ஒன்றிலிருந்து எண்ணும் சீரியல் துறைகளை லினக்ஸ் சுழியத்திலிருந்து எண்ணிற்று. எனவே "காம் 2"-இல் உள்ள மோடம் லினக்ஸில் முதலாம் எண்ணுடையதாகும். இந்த ஓர் எண் வேறுபாட்டால் வீணான மாலைப் பொழுதுகள் எத்தனையோ! அடுத்து, ஒரே குறுக்கீட்டு எண்ணை இரு கருவிகள் பங்கிடுதல். முதல் துறையும் மூன்றாம் துறையும் மரபாக நான்காம் எண்ணையும், இரண்டாவதும் நான்காவதும் மூன்றாம் எண்ணையும் கொண்டிருந்தன. சுட்டெலி ஒன்றிலும் மோடம் மற்றொன்றிலுமாக மோதினால், சுட்டெலியை அசைத்தவுடன் இணைப்பு தடுமாறும். செட்சீரியல் என்னும் நிரல் இத்தகைய பூசல்களைக் கண்டு திருத்த உதவிற்று. பழைய கணினிகளில் வரும் எழுத்துகளில் ஒன்றை மட்டுமே தேக்கி வைக்கும் சில்லு இருந்தது. வேகமான மோடம் அனுப்புவதில் பாதி சிந்திப்போகும். பதினாறு எழுத்துகளைத் தேக்கும் 16550ஏ என்ற சில்லு வந்தபின் அத்தொல்லை தீர்ந்தது.

இரண்டாம் கேள்வி: மோடம் எண்ணைச் சுழற்றுகிறதா? சில மோடங்கள் அமெரிக்கத் தொலைபேசியின் ஓசையைக் கேட்டாலன்றி அழைக்க மறுத்தன. பிற நாட்டு நிலையங்களின் ஓசை சற்று வேறுபட்டால் "ஓசை இல்லை" என்று சாதிக்கும். ஓசைக்குக் காத்திராமல் அழைக்குமாறு ஆணையிடும் "எக்ஸ் 3" என்னும் சிறு கட்டளையே அதற்கு மருந்து.

மூன்றாம் கேள்வியில்தான் பலர் நின்றுவிட்டனர். மோடம் இணைந்துவிட்டது, கீச்சொலி அடங்கிவிட்டது, ஆயினும் இணையம் இல்லை. இங்கே பணிபுரிவது பி.பி.பி. என்னும் நெறிமுறை. 1990-களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட இந்நெறிப்படி, இரு முனைகளும் முதலில் பேச்சின் விதிகளை உடன்படிக்கை செய்துகொள்ளும். பின்னர்ப் பெயரும் மறைச்சொல்லும் சரிபார்க்கப்படும். இறுதியில் முகவரி வழங்கப்படும். லினக்ஸில் இதனை நடத்திய பி.பி.பி.டி. என்னும் நிரல் தன் நாட்குறிப்பில் நடந்தவற்றையெல்லாம் எழுதி வைத்தது. அதனைப் படிக்கத் தெரிந்தவருக்கு விடையும் அதிலேயே இருந்தது.

அந்நாட்குறிப்பில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட ஒரு வாசகம், கம்பியில் எட்டு பிட்டும் பழுதின்றி வரவில்லை என்னும் பொருளுடையது. படித்தவர் கம்பியைச் சந்தேகித்தனர். தொலைபேசி அலுவலகத்துக்கு முறையிட்டோரும் உண்டு. உண்மையில் பெரும்பாலான வேளைகளில் மறுமுனைக் கணினி இன்னும் பி.பி.பி. பேசத் தொடங்காமல், பெயரைக் கேட்டு எழுத்துகளை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆங்கில எழுத்துகளுக்கு ஏழு பிட்டே போதும். எட்டாவது எப்போதும் சுழியம். அதனைக் கண்ட நிரல் கம்பி பழுதென்று ஊகித்தது. மறைச்சொல்லை எந்தக் கோப்பில் எழுத வேண்டும், எப்போது பி.பி.பி.யைத் தொடங்க வேண்டும் என்பன தெரிந்தவுடன் இவ்வாசகம் மறைந்துவிடும். சொல் ஒன்று, பொருள் வேறொன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

எல்லாம் முடிந்தும் தளங்கள் திறக்கவில்லையெனில், பெயரை முகவரியாக மாற்றும் கணினியின் எண் குறிக்கப்படாமல் இருந்திருக்கும். அது ஒரு வரி எழுதித் தீரும் குறை. வீட்டிலுள்ள எல்லாப் பயனருக்கும் மோடத்தைத் தொட உரிமை வழங்கப்படாமையும் அவ்வாறே. பின்னர் வந்த டபிள்யூவி-டயல், கேபிபிபி ஆகிய நிரல்கள் இப்படிகளுட் பலவற்றைத் தாமே செய்துகொண்டன. அவற்றால் பயனடைந்தவர் மிகப் பலர்.

மூளை பறிக்கப்பட்ட மோடம்

இதுகாறும் கூறியவை யாவும் பொறுமையால் தீர்ந்த குறைகள். தீராத குறை வேறொன்று.

1990-களின் நடுவில் மோடத்தின் விலையைக் குறைக்க உற்பத்தியாளர் ஒரு வழி கண்டனர். ஒலியை எண்ணாக்கும் கணக்கைச் செய்ய மோடத்தினுள் ஒரு தனிச் செயலி இருந்ததல்லவா? அதனை நீக்கிவிட்டு, அந்த வேலையைக் கணினியின் செயலியே செய்யுமாறு விண்டோஸுக்கென ஒரு மென்பொருளை எழுதிக் கொடுத்தனர். எஞ்சிய அட்டை ஏறத்தாழ ஓர் ஒலி அட்டையே. யூ.எஸ். ரோபாட்டிக்ஸ் தன் வகைக்கு இட்ட "வின்மோடம்" என்ற வணிகப் பெயர், பின்னர் இவ்வகை முழுமைக்கும் வழங்கலாயிற்று. விலை மலிவு, ஆகவே புதிதாக வாங்கும் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் இவையே பொருத்தப்பட்டன.

இவ்வட்டைக்கு "ஏ, டி" என்று லினக்ஸ் கூறினால் மறுமொழி வராது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஹேய்ஸ் காலத்துப் பொதுமொழி அட்டையைவிட்டு நீங்கி, நிறுவனங்கள் மூடிவைத்த மென்பொருளுக்குள் சென்றுவிட்டது. அம்மென்பொருளின் மூலத்தையோ, சில்லை இயக்கும் விவரத்தையோ பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடவில்லை. தொழில் இரகசியம் என்றனர், காப்புரிமை என்றனர், தொலைபேசிக் கம்பியில் செல்லும் சைகை அரசு விதிகளுக்கு உட்பட்டதாகையால் பிறர் கையில் கொடுக்கலாகாது என்றும் கூறினர். இக்காரணங்களை முற்றும் பொய்யென ஒதுக்குவதற்கில்லை. ஆயினும் அட்டையைக் காசு கொடுத்து வாங்கியவர், அதனைத் தாம் விரும்பிய இயங்குதளத்தில் பயன்படுத்த இயலாது போயிற்று என்பதும் மெய்.

லூசென்ட் சில்லுகளுக்கு ஓர் இயக்கி லினக்ஸுக்கெனக் கிடைத்தது. ஆனால் அதன் உள்ளீடு மூடப்பட்ட நிலையிலேயே. லினக்ஸின் உட்கரு ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறினால் அவ்வியக்கி பொருந்தாது போகும். மூலம் கைவசம் இருந்தால் மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம், இல்லையேல் காத்திருக்கத்தான் வேண்டும். கனெக்ஸன்ட் சில்லுகளுக்கு லினுக்ஸன்ட் என்னும் நிறுவனம் விற்ற இயக்கியைக் காசில்லாமல் பெற்றால் நொடிக்கு 14,400 பிட் வேகமே கிட்டும். முழு வேகத்திற்கு விலை உண்டு. ஒரே அட்டை, ஒரே கம்பி, ஒரே கணினி. வேகம் மட்டும் பணத்தைப் பொறுத்தது! இதற்கு மாறாக, ஃபிரெஞ்சு நிரலர் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் மோடத்தின் கணக்கு முழுவதையும் கட்டற்ற நிரலாக எழுத முனைந்து, அது இயலாத செயலன்று என்பதைக் காட்டினார். சில்லுகளின் விவரம் கிடைக்காமையால் அம்முயற்சி பொதுமக்களின் அட்டைகளுக்குப் பெரிதும் எட்டவில்லை.

இதில் ஒரு விந்தையான இடர்ப்பாடும் உண்டு. இயக்கி இணையத்தில் இருந்தது. இணையத்திற்குச் செல்ல இயக்கி தேவைப்பட்டது. ஆகவே ஒரே கணினியில் விண்டோஸையும் வைத்துக்கொண்டு, அதன் வழியே கோப்பை இறக்கி, லினக்ஸுக்கு மாறி, பொருந்தாமல் போக மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பிய இரவுகள் பல. விண்டோஸ் இல்லாதவர் நெகிழ்வட்டில் கோப்பை நண்பரிடமிருந்து கொண்டு வந்தனர். அனுபவமுள்ளோர் கூறிய அறிவுரை ஒன்றே: தனிச் செயலியுடைய வெளிமோடத்தை வாங்கிச் சீரியல் துறையில் பொருத்துக. விலை கூடுதல்தான். ஆனால் அதற்கு இயக்கியே வேண்டியதில்லை. 1981-இன் கட்டளைமொழி அதற்குப் போதும்.

எட்டாவது பிட்டும் தமிழும்

மேலே கூறிய எட்டாவது பிட் தமிழருக்கு வேறொரு வகையிலும் நெருங்கியது. ஆங்கிலத்துக்குப் போதுமான ஏழு பிட்டில் தமிழுக்கு இடமில்லை. தமிழ் எழுத்துகளை எட்டாவது பிட்டின் துணையால் கிடைக்கும் 128 இடங்களில் வைத்தே 1990-களின் குறியீட்டு முறைகள் அமைந்தன. வழியில் எங்கேனும் ஒரு கணினி எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால் தமிழ் மடல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகச் சென்று சேரும். அதற்கு அஞ்சியே பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவந்தனர்.

அத்துடன் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனத் தனிக் குறியீடு வைத்திருந்தது. ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் தெரியாது. வின்மோடத்தில் கண்ட அதே நோய் இது. வேற்றுமை, இங்கே எழுத்தே பூட்டப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997-இல் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடும், 1999-இல் சென்னை மாநாடும், 2000-இல் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு தோன்றியதும் இப்பூட்டைத் திறக்கும் நோக்குடையவை. மலேசியாவில் 1985-இலேயே "முரசு" என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கிய முத்து நெடுமாறன் இம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று. லினக்ஸின் திரைமொழியைத் தமிழாக்கும் தொண்டும் அக்காலத்தை ஒட்டித் தொடங்கியதே. மூலம் திறந்திருந்தமையால் அதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

மோடத்தின் காலம் விரைவில் தேய்ந்தது. 2001-இல் தெலிகோம் நிறுவனம் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கிற்று. அதே செப்புக் கம்பியில் அது வந்தபோதிலும் எண்ணைச் சுழற்ற வேண்டிய தேவை இல்லாது போயிற்று. பெயரையும் மறைச்சொல்லையும் மட்டும் பழைய பி.பி.பி. முறைப்படியே கேட்டது. லினக்ஸில் அதற்கு மறுமொழி கூறியதும் அதே பி.பி.பி.டி. நிரலே, மோடத்தோடு மல்லாடியவர் எழுதி வைத்த மறைச்சொற் கோப்பு அதே இடத்தில் அப்படியே பயன்பட்டது. புதிய இணைப்புகளுக்கு வின்மோடம் தேவைப்படவில்லை. அவ்வட்டைகள் பழைய கணினிகளோடு குப்பைக்குச் சென்றன. நாட்டுக்கு இணையத்தைக் கொணர்ந்த ஜாரிங் 2015-இல் மூடப்பட்டது.